பால்குழாய்ப் புற்றுநோய்: எவ்வளவு வைத்தியம் போதும் என்று எப்படிக் கண்டுபிடிக்கிறார்கள்?

பயாப்சி ரிப்போர்ட்டில் "டக்டல் கார்சினோமா", அதாவது பால்குழாய்ப் புற்றுநோய் என்று பார்த்துவிட்டால் பலருக்கு அடுத்த வார்த்தை கண்ணில் படுவதே இல்லை. ஆனால் அடுத்த வார்த்தையில்தான் விஷயமே இருக்கிறது. "இன் சிட்டு" என்று போட்டிருக்கிறதா, "இன்வேசிவ்" என்று போட்டிருக்கிறதா என்பதைப் பொறுத்து வைத்தியம், ஆபத்து, அவசரம் எல்லாமே மாறிவிடும். இரண்டுக்கும் என்ன வித்தியாசம், இதற்கெல்லாம் இப்படித்தான் வைத்தியம் செய்ய வேண்டும் என்று எந்த ஆய்வுகளை வைத்து முடிவு செய்தார்கள், இனிமேல் இதைப் பற்றி பேப்பரிலோ வாட்ஸாப்பிலோ ஒரு செய்தி வந்தால் அதில் எதைப் பார்க்க வேண்டும், இதெல்லாம் மருத்துவம் படிக்காதவர்களுக்கும் புரியும்படி எழுதிப் பார்க்கிறேன்.

குழாய்க்கு உள்ளேயா, வெளியேயா

மார்பகத்துக்குள் பால் சுரக்கும் சின்னச் சின்னச் சுரப்பிகள் இருக்கின்றன, அங்கிருந்து காம்பு வரைக்கும் பாலைக் கொண்டுவரும் மெல்லிய குழாய்கள் இருக்கின்றன. குழந்தை பெற்றவர், பெறாதவர் எல்லாருக்கும் இவை உண்டு. குழாயின் உட்பக்கத்தில் செல்கள் வரிசையாகப் படிந்திருக்கும், அதைச் சுற்றி கண்ணுக்குத் தெரியாத அளவுக்கு மெல்லிய ஒரு சவ்வு இருக்கும். மார்பகப் புற்றுநோயில் பெரும்பாலானது இந்தக் குழாய்ப் பகுதிச் செல்களில்தான் தொடங்குகிறது.

கெட்டுப்போன செல்கள் பெருகிக் குழாயை நிரப்பிக்கொண்டிருக்கின்றன, ஆனால் அந்தச் சவ்வைத் தாண்டவில்லை என்றால் அது "இன் சிட்டு", சுருக்கமாக டி.சி.ஐ.எஸ். ஸ்டேஜ் கணக்கில் இதற்குப் பூஜ்யம். சவ்வைக் கிழித்துக்கொண்டு சுற்றியுள்ள சதைக்குள் இறங்கிவிட்டால் அது "இன்வேசிவ்". அங்கே ரத்தக் குழாய்கள் இருக்கின்றன, நிணநீர்க் குழாய்கள் இருக்கின்றன, அந்த வழியாக அக்குளுக்கும் எலும்புக்கும் நுரையீரலுக்கும் போக முடியும். உயிரை வாங்குவது இந்தப் பரவல்தான். டி.சி.ஐ.எஸ். அந்த நிலையிலேயே இருக்கும்வரை வேறு இடத்துக்குப் பரவ அதற்கு வழியில்லை.

பிறகு ஏன் அதற்கு வைத்தியம் செய்கிறார்கள்? சில டி.சி.ஐ.எஸ். பின்னால் சவ்வைத் தாண்டும், சில ஆயுசுக்கும் தாண்டாமல் அப்படியே கிடக்கும். எது தாண்டும், எது தாண்டாது என்று முன்கூட்டியே உறுதியாகச் சொல்லும் பரீட்சை இன்றைக்கும் இல்லை. மைக்ராஸ்கோப்பில் செல்கள் எவ்வளவு மாறியிருக்கின்றன என்று பார்த்து கிரேடு 1, 2, 3 என்று பிரிக்கிறார்கள், 3 என்றால் ஆபத்து கூடுதல். ஹார்மோன் ஏற்பிகள், அதாவது செல்லில் ஹார்மோன் வந்து ஒட்டும் இடங்கள், இருக்கின்றனவா என்றும் பார்க்கிறார்கள். இவையெல்லாம் ஓரளவுக்கு ஊகம் சொல்லும், அவ்வளவுதான்.

இன்னொன்றும் தெரிந்திருக்க வேண்டும். டி.சி.ஐ.எஸ். பெரும்பாலும் கைக்குக் கட்டியாகத் தட்டுப்படாது. மேமோகிராமில், அதாவது மார்பகத்தை எடுக்கும் எக்ஸ்ரேயில், உப்புத் தூவினது போல வெள்ளைப் புள்ளிகளாகத் தெரியும், அவை கால்சியம் படிவங்கள். அதனால் எந்த நாட்டில் ஆரோக்கியமான பெண்களுக்கு வழக்கமாக மேமோகிராம் எடுக்கிறார்களோ அங்கேதான் இது அதிகம் கண்டுபிடிக்கப்படுகிறது. அமெரிக்காவில் மேமோகிராம் பரவுவதற்கு முன்னால் இது அரிதாகத்தான் கண்ணில் பட்டது, இப்போது அங்கே வருஷத்துக்கு ஐம்பதாயிரம் பெண்களுக்கு மேல் இப்படிச் சொல்லப்படுகிறது. கண்டுபிடித்துவிட்டோம், ஆனால் இவ்வளவு பேருக்கும் ஆபரேஷன் தேவையா? இந்தக் கேள்விக்கு இன்னும் முழுசாக விடை வரவில்லை, அதற்குத்தான் கடைசியாகச் சொல்லப்போகும் ஆய்வு. அங்கே போவதற்கு முன்னால் கொஞ்சம் பழைய கதை.

அனுபவம் மட்டும் போதாது

1890களில் அமெரிக்காவின் பால்டிமோரில் வில்லியம் ஹால்ஸ்டெட் என்ற சர்ஜன் ஒரு ஆபரேஷனைப் பரப்பினார். மார்பகம், அதற்கு அடியில் இருக்கும் நெஞ்சுத் தசைகள், அக்குள் நெறிகட்டிகள், எல்லாவற்றையும் ஒன்றாக எடுத்துவிடுவது. புற்றுநோய் ஒரே இடத்திலிருந்து படிப்படியாக வெளிப்பக்கம் பரவுகிறது, அதனால் எவ்வளவு அகலமாக வெட்டுகிறோமோ அவ்வளவு நல்லது என்பது அவர் கணக்கு. அந்தக் காலத்தில் பெரிய பெரிய கட்டிகளோடு வந்த பெண்களுக்கு அவரால் ஓரளவு நன்மை கிடைத்தது உண்மைதான். ஆனால் அதற்கப்புறம் சின்னக் கட்டியோடு வந்தவர்களுக்கும் அதே ஆபரேஷன்தான், அதுவும் ஏறக்குறைய எண்பது வருஷம். நெஞ்சு குழிந்துபோகும், கை வீங்கிப்போகும், தோள் சரியாக அசையாது. இவ்வளவு வெட்டுவது தேவையா என்று ஒழுங்காக ஒப்பிட்டுப் பார்க்க யாரும் துணியவில்லை, ஏனென்றால் தேவை என்று எல்லா சர்ஜன்களுக்கும் "அனுபவத்தில் தெரிந்திருந்தது".

அனுபவம் ஏன் ஏமாற்றுகிறது? ஒரு டாக்டர் தன் நோயாளிகளில் சிலருக்குப் பெரிய ஆபரேஷன், சிலருக்குச் சின்ன ஆபரேஷன் செய்கிறார் என்று வையுங்கள். பெரிய கட்டி உள்ளவருக்குப் பெரிய ஆபரேஷன், வயதானவருக்குச் சின்னது, அடிக்கடி வந்து காட்ட வசதியில்லாதவருக்கு வேறொன்று என்று அவர் தன்னையறியாமலே பிரித்திருப்பார். பத்து வருஷம் கழித்து யார் பிழைத்தார்கள் என்று எண்ணினால், அது ஆபரேஷனால் வந்த வித்தியாசமா, ஆளைப் பொறுத்து வந்த வித்தியாசமா என்று யாராலும் சொல்ல முடியாது. இந்தச் சிக்கலைத் தீர்க்க ஒரே நேர்மையான வழி குலுக்கல். சம்மதித்த பெண்களை டாக்டரும் தேர்ந்தெடுக்காமல், அவர்களும் தேர்ந்தெடுக்காமல், கம்ப்யூட்டர் இந்தக் குழு, அந்தக் குழு என்று பிரிக்கும். ஆயிரக்கணக்கில் பிரிக்கும்போது வயது, கட்டியின் அளவு, பணவசதி, இன்னும் நமக்குப் பெயர்கூடத் தெரியாத காரணங்கள் எல்லாம் இரண்டு பக்கமும் ஏறக்குறைய சமமாகப் போய்ச் சேரும். மிச்சமிருக்கிற வித்தியாசம் வைத்தியம் ஒன்றுதான். அதற்கப்புறம் வருகிற வேறுபாட்டை, தற்செயலாக வந்திருக்கக்கூடியதைக் கழித்துவிட்டு, வைத்தியத்தின் கணக்கில் எழுதலாம்.

அமெரிக்காவின் பிட்ஸ்பர்க்கைச் சேர்ந்த சர்ஜன் பெர்னார்ட் ஃபிஷர் 1971இல் முதல் ஒப்பீட்டைத் தொடங்கினார், 1976இல் பி-06 என்ற அடுத்ததை. இரண்டாவதில் 4 செ.மீ.க்கு மேற்படாத கட்டியுள்ள 1,851 பெண்களை மூன்றாகப் பிரித்தார்கள். ஒரு குழுவுக்கு மார்பகத்தை முழுசாக எடுத்தார்கள், இன்னொரு குழுவுக்குக் கட்டியை மட்டும், மூன்றாவது குழுவுக்குக் கட்டியை மட்டும் எடுத்து ரேடியேஷனும் கொடுத்தார்கள். அதே காலத்தில் இத்தாலியின் மிலான் நகரில் உம்பெர்த்தோ வெரோனேசி 701 பெண்களை வைத்து இதே மாதிரி ஒரு ஆய்வு செய்தார். இரண்டின் இருபது வருஷக் கணக்கும் 2002இல் ஒரே மருத்துவ இதழில், ஒரே நாளில் வந்தது. உயிர் பிழைப்பதில் வித்தியாசம் இல்லை. முழுசாக எடுத்தவர்களும் கட்டியை மட்டும் எடுத்தவர்களும் ஒரே அளவில்தான் வாழ்ந்தார்கள்.

அதே பி-06இல் இன்னொரு கணக்கைப் பாருங்கள். கட்டியை மட்டும் எடுத்த பெண்களில் இருபது வருஷத்தில் 39.2 சதவீதம் பேருக்கு அதே மார்பகத்தில் மறுபடியும் கட்டி வந்தது, ரேடியேஷனும் எடுத்தவர்களில் 14.3 சதவீதம் பேருக்கு மட்டும். அப்படியென்றால் ரேடியேஷன் நல்லதா, தேவையில்லையா? எதை எண்ணுகிறீர்கள் என்பதைப் பொறுத்தது. அதே இடத்தில் திரும்ப வருவதை எண்ணினால் பெரிய நன்மை, மொத்தத்தில் யார் உயிரோடு இருக்கிறார்கள் என்று எண்ணினால் அந்த ஆய்வில் தெளிவான வித்தியாசம் இல்லை. ஒரு ஆய்வைப் பற்றி யார் என்ன சொன்னாலும் "எதை எண்ணினார்கள்?" என்று கேளுங்கள் என்பேன். பாதிக் குழப்பம் அங்கேயே தீர்ந்துவிடும். இன்றைக்கு ஆரம்ப நிலையில் வரும் பெண்ணிடம் "கட்டியை மட்டும் எடுத்து ரேடியேஷன் கொடுக்கலாம், மார்பகத்தை எடுக்க வேண்டியதில்லை" என்று டாக்டர் சொல்கிறார் என்றால், அந்த வாக்கியத்துக்குப் பின்னால் குலுக்கலுக்குச் சம்மதித்த அந்தப் பெண்கள் இருக்கிறார்கள். எனக்கு அவர்கள் மேல் பெரிய மரியாதை உண்டு. தங்கள் நெஞ்சில் எவ்வளவு வெட்டுவது என்பதைக் குலுக்கலிடம் ஒப்படைக்க எவ்வளவு துணிச்சல் வேண்டும்!

இடையில் ஒரு சோதனையும் வந்தது. 1990களில், இந்த ஆய்வில் பங்கெடுத்த மாண்ட்ரியல் மருத்துவமனை ஒன்றில் சில நோயாளிகளின் விவரங்களைத் திருத்தி எழுதியிருக்கிறார்கள் என்று வெளியே தெரிந்து பெரிய சர்ச்சையானது. அந்த மருத்துவமனையின் கணக்கு முழுவதையும் தூக்கிவிட்டு மறுபடி கணக்குப் போட்டார்கள், முடிவு மாறவில்லை. பல இடங்களில் ஒரே ஆய்வை நடத்துவதற்கும், மிலானில் வேறொருவர் தனியாகச் செய்து பார்ப்பதற்கும் பலன் இதுதான்.

டி.சி.ஐ.எஸ். வந்தவர்களுக்கு

இன்வேசிவுக்கே கட்டியை மட்டும் எடுத்தால் போதும் என்றான பிறகு, குழாயைத் தாண்டாத டி.சி.ஐ.எஸ்.ஸுக்கு மார்பகத்தையே எடுப்பது பொருத்தமில்லாமல் தெரிந்தது. 1985இல் பி-17 என்ற ஆய்வு தொடங்கியது, 818 பெண்கள், கெட்டுப்போன பகுதியை மட்டும் எடுப்பதா, எடுத்து ரேடியேஷனும் கொடுப்பதா என்று. ஐரோப்பாவிலும் பிரிட்டனிலும் இதே மாதிரி ஆய்வுகள் நடந்தன. நான்கு ஆய்வுகளிலும் இருந்த 3,729 பெண்களைச் சேர்த்து 2010இல் ஒரு கணக்குப் போட்டார்கள்: பத்து வருஷத்தில் அதே மார்பகத்தில் மறுபடி வந்தது ரேடியேஷன் இல்லாதவர்களில் 28.1 சதவீதம், ரேடியேஷன் எடுத்தவர்களில் 12.9 சதவீதம். திரும்ப வந்ததில் ஏறக்குறைய பாதி டி.சி.ஐ.எஸ்.ஆகவும் பாதி இன்வேசிவாகவும் இருந்தது. இறப்பில் வித்தியாசம் இல்லை.

2015இல் அமெரிக்கப் பதிவேடுகளிலிருந்து டி.சி.ஐ.எஸ். வந்த 1,08,196 பெண்களின் விவரங்களை எடுத்துப் பார்த்தார்கள். இருபது வருஷத்தில் மார்பகப் புற்றுநோயால் இறந்தவர்கள் 3.3 சதவீதம். இது குலுக்கல் ஆய்வு இல்லை, நடந்ததைத் திரும்பிப் பார்த்த கணக்கு, இவர்களில் கிட்டத்தட்ட எல்லாருமே வைத்தியம் எடுத்தவர்கள், அதனால் "வைத்தியமே வேண்டாம்" என்று இதிலிருந்து யாரும் முடிவுக்கு வர முடியாது. ஆனால் ரிப்போர்ட்டைக் கையில் வைத்துக்கொண்டு ராத்திரி முழுக்கத் தூங்காமல் இருக்கும் ஒருவருக்கு இந்த எண்ணைச் சொல்ல வேண்டும் என்று நினைக்கிறேன். நூறில் தொண்ணூற்றாறு பேருக்கு மேல் இந்த நோயால் சாகவில்லை.

"பாதியாகக் குறைந்தது" என்றால் எவ்வளவு?

இனி மாத்திரை. டாமாக்சிஃபென் 1960களில் பிரிட்டனில் ஐ.சி.ஐ. கம்பெனியில் உருவானது, கருத்தடை மாத்திரையாக ஆகும் என்று நினைத்தார்கள், ஆகவில்லை. ஆனால் மார்பகச் செல்களில் ஈஸ்ட்ரோஜன் வந்து ஒட்டும் இடத்தில் இது போய் உட்கார்ந்துகொண்டு ஈஸ்ட்ரோஜனை ஒட்டவிடாமல் தடுக்கிறது. ஈஸ்ட்ரோஜனை நம்பி வளரும் புற்றுநோய்க்கு இதனால் தீனி நின்றுபோகும். ரிப்போர்ட்டில் "ஈ.ஆர். பாசிட்டிவ்" என்று போடுவது இதற்காகத்தான், ஏற்பியே இல்லாத புற்றுநோயில் இந்த மாத்திரைக்கு வேலையில்லை. 1991இல் தொடங்கிய பி-24 ஆய்வில், டி.சி.ஐ.எஸ்.ஸுக்கு ஆபரேஷனும் ரேடியேஷனும் முடித்த 1,804 பெண்களில் ஒரு பாதிக்கு இந்த மாத்திரை, மறு பாதிக்கு மருந்தே இல்லாத அதே மாதிரியான மாத்திரை. ஐந்து வருஷத்தில் ஏதாவது ஒரு மார்பகத்தில் புற்றுநோய் வந்தவர்கள் 13.4 சதவீதத்திலிருந்து 8.2 ஆகக் குறைந்தார்கள்.

அப்படியென்றால் நோயே வராத பெண்களுக்கு முன்கூட்டியே கொடுத்தால்? 1992இல் அமெரிக்காவிலும் கனடாவிலும் பி-1 என்று ஒரு ஆய்வு தொடங்கியது. நோய் வரும் வாய்ப்பு சராசரியைவிடக் கூடுதலாக இருந்த 13,388 பெண்கள், எல்லாரும் ஆரோக்கியமாக இருந்தவர்கள். 1998இல் முடிவு வந்தது: இன்வேசிவ் புற்றுநோய் 49 சதவீதம் குறைந்தது. உலகம் முழுக்கத் தலைப்புச் செய்தி.

இங்கே கொஞ்சம் நிதானிக்க வேண்டும். 49 சதவீதம் என்றதும் மாத்திரை போட்ட நூறு பேரில் நாற்பத்தொன்பது பேரைக் காப்பாற்றியது என்று மனசு எடுத்துக்கொள்ளும். உண்மையான எண்ணிக்கை இது: மருந்தில்லாத வெறும் மாத்திரை சாப்பிட்டவர்களில் 175 பேருக்கு வந்தது, டாமாக்சிஃபென் சாப்பிட்டவர்களில் 89 பேருக்கு. அதாவது சுமார் ஆறு வருஷத்தில் ஆயிரம் பேரில் 43 பேருக்கு வந்திருக்க வேண்டியது 22 பேருக்கு வந்தது. ஆயிரம் பேர் தினமும் மாத்திரை போட்டதில் இருபத்தொரு பேருக்குப் பலன். எண்ணிப் பார்த்தால் பெரிய விஷயம்தான், ஆனால் "பாதி" என்ற வார்த்தை காதில் விழும்போது தோன்றும் அளவு இல்லை. இதற்கு எதிர்ப்பக்கமும் உண்டு. டாமாக்சிஃபென் மார்பகத்தில் ஈஸ்ட்ரோஜனைத் தடுத்தாலும் கர்ப்பப்பையில் ஈஸ்ட்ரோஜன் மாதிரியே நடந்துகொள்கிறது. கர்ப்பப்பை உட்சுவர்ப் புற்றுநோய் வெறும் மாத்திரைக் குழுவில் 15 பேருக்கு, டாமாக்சிஃபென் குழுவில் 36 பேருக்கு. ரத்தம் உறைந்து அடைக்கும் ஆபத்தும் கூடியது, குபீரென்று உடம்பு சூடேறி வியர்க்கும் தொந்தரவும் சேர்ந்தது. நோயே இல்லாத ஒருவர் இதையெல்லாம் ஐந்து வருஷம் தாங்குவாரா? பெரும்பாலான பெண்கள் வேண்டாம் என்றார்கள், அதில் தப்பும் இல்லை. தடுப்புக்காகக் கொடுத்த இந்த மருந்துகள் மார்பகப் புற்றுநோயால் வரும் இறப்பைக் குறைத்தன என்று இதுவரை எந்த ஆய்வும் காட்டவும் இல்லை.

இதற்கு இத்தாலியிலிருந்து ஆந்த்ரேயா டெசென்சி குழு கேட்ட கேள்வி எனக்கு மிகவும் பிடித்தது: மருந்து வேலை செய்கிறது, பக்க விளைவுதான் பிரச்சினை என்றால், வழக்கமாகக் கொடுக்கும் 20 மில்லிகிராம் எதற்கு? 5 மில்லிகிராமில் ஆகாதா? டி.சி.ஐ.எஸ்.ஸுக்கோ அது போன்ற ஆரம்ப மாற்றங்களுக்கோ ஆபரேஷன் செய்துகொண்ட 500 பெண்களில் ஒரு பாதிக்கு, ஐந்து வருஷம் கொடுக்கும் இடத்தில் மூன்றே வருஷம், கால் பங்கு அளவு, மறு பாதிக்கு வெறும் மாத்திரை. சுமார் ஐந்து வருஷத்துக்கு அப்புறம் பார்த்தபோது வெறும் மாத்திரைக் குழுவில் 11.3 சதவீதம் பேருக்கு நோய் திரும்பியோ புதிதாகவோ வந்திருந்தது, 5 மி.கி. குழுவில் 5.5 சதவீதம். நூறு பேரில் ஆறு பேருக்குக் கொஞ்சம் குறைவானவர்கள் தப்பினார்கள், பதினேழு பேர் சாப்பிட்டால் ஒருவருக்குப் பலன் என்று கணக்கு. பக்க விளைவுகளில் இரண்டு குழுவுக்கும் பெரிய வேறுபாடு இல்லை. 500 பேர் என்பது சின்ன ஆய்வு, இருந்தாலும் இந்த வகை நோயாளிகளுக்குப் பல நாடுகளில் டாக்டர்கள் இதை ஒரு வழியாக எடுத்துக்கொள்கிறார்கள். ஆனால் ஒரு விஷயம், இன்வேசிவ் புற்றுநோய்க்கு 20 மி.கி. சாப்பிட்டுக்கொண்டிருப்பவர் இதைப் படித்துவிட்டு மாத்திரையை உடைத்துச் சாப்பிட ஆரம்பிக்கக் கூடாது. அவர்களை வைத்து இந்த ஆய்வு செய்யப்படவே இல்லை. "யாரை வைத்துச் செய்தார்கள்?" என்ற கேள்வியும் "எதை எண்ணினார்கள்?" அளவுக்கு முக்கியம். (மாதவிலக்கு நின்றவர்களுக்கு ரலாக்சிஃபென், எக்சமெஸ்டேன், அனஸ்ட்ரசோல் என்று வேறு மருந்துகளும் தடுப்புக்காக ஆராயப்பட்டு, பலன் இருக்கிறது என்று தெரிந்திருக்கிறது. அவற்றின் பக்க விளைவுகள் வேறு மாதிரி, எலும்பு தேய்வது, மூட்டு வலி என்று மருந்துக்கு மருந்து மாறும்.)

ஆபரேஷனே வேண்டாமா? காமெட் ஆய்வு

இப்போது முதலில் விட்ட கேள்விக்கு வரலாம். கிரேடு 1 அல்லது 2, ஹார்மோன் ஏற்பி உள்ளது, கட்டியாகத் தட்டுப்படாதது, இப்படி ஆபத்துக் குறைவான டி.சி.ஐ.எஸ். வந்த 40 வயதைத் தாண்டிய பெண்ணுக்கு, உடனே ஆபரேஷன் செய்யாமல் கண்காணித்துக்கொண்டே இருந்தால் என்ன ஆகும்? பிரிட்டனில் 2014இல் லோரிஸ் என்ற ஆய்வு இதைத்தான் கேட்டது. போதுமான பெண்கள் சேராததால் 2020இல் பாதியில் நிறுத்தினார்கள். புற்றுநோய் என்று ஒரு வாயால் சொல்லிவிட்டு, அதை எடுக்காமல் விடுவதா எடுப்பதா என்று குலுக்கிப் பார்க்கலாமா என்று இன்னொரு வாயால் கேட்டால் யாருக்குத்தான் மனசு வரும்?

அமெரிக்காவில் ட்யூக் பல்கலைக்கழகத்தின் ஷெல்லி ஹ்வாங் தலைமையில் 2017இல் தொடங்கிய காமெட் மட்டும் முட்டி மோதி 957 பெண்கள் வரை போய்ச் சேர்ந்தது. ஒரு குழுவுக்கு வழக்கமான ஆபரேஷன், தேவைப்பட்டால் ரேடியேஷன். மறு குழுவுக்கு ஆறு மாதத்துக்கு ஒரு தடவை மேமோகிராம், ஏதாவது மாறினால் உடனே பயாப்சி, அதற்குத் தகுந்தபடி ஆபரேஷன். இரண்டு குழுவிலும் ஹார்மோன் மாத்திரை வேண்டுமானால் எடுக்கலாம். 2024 டிசம்பரில் இரண்டு வருஷக் கணக்கை வெளியிட்டார்கள். அதே மார்பகத்தில் இன்வேசிவ் புற்றுநோய் கண்டுபிடிக்கப்பட்டது ஆபரேஷன் குழுவில் 5.9 சதவீதம், கண்காணிப்புக் குழுவில் 4.2 சதவீதம்.

ஆபரேஷன் செய்தவர்களுக்கு ஏன் கூடுதலாக இருக்கிறது? ஆபரேஷனால் புற்றுநோய் வந்தது என்று தவறாகப் புரிந்துகொள்ள வேண்டாம். ஊசி பயாப்சியில் சின்னத் துணுக்கைத்தான் எடுக்கிறார்கள். ஆபரேஷனில் முழுப் பகுதியையும் எடுத்துப் பார்க்கும்போது, பக்கத்தில் ஏற்கெனவே சவ்வைத் தாண்டியிருந்த ஒரு சின்ன இடம் தெரியவரும். கண்காணிப்புக் குழுவிலும் சிலருக்கு அது இருக்கும், இன்னும் கண்ணில் படவில்லை. அதனால்தான் இந்த ஆய்வு "கண்காணிப்பு மேலானது" என்று சொல்லவில்லை. தொடங்கும்போதே, வித்தியாசம் 5 சதவீதப் புள்ளிக்கு மேல் போகாவிட்டால் "மோசமில்லை" என்று எடுத்துக்கொள்வோம் என்று ஒரு வரம்பு போட்டு எழுதிவைத்தார்கள், முடிவு அந்த வரம்புக்குள் வந்தது. முடிவைப் பார்த்த பிறகு வரம்பு போட்டிருந்தால் நான் ஒரு வார்த்தைகூட நம்பியிருக்க மாட்டேன்.

இதன் பலவீனங்களையும் சொல்லிவிட வேண்டும். இரண்டு வருஷம் என்பது டி.சி.ஐ.எஸ். விஷயத்தில் மிகக் குறைவு, பி-06க்கு இருபது வருஷம் பார்த்தார்கள். குலுக்கலில் ஆபரேஷன் விழுந்த 473 பேரில் 264 பேர்தான் அந்த இரண்டு வருஷத்தில் ஆபரேஷன் செய்துகொண்டார்கள், கண்காணிப்பு விழுந்தவர்களிலும் 82 பேர் ஆபரேஷனுக்குப் போனார்கள். யாரையும் கட்டாயப்படுத்த முடியாது, கட்டாயப்படுத்தவும் கூடாது, ஆனால் இப்படி ஆட்கள் கலந்துவிட்டால் இரண்டு குழுவுக்கும் உள்ள வித்தியாசம் மங்கிப்போகும். கண்காணிப்புக் குழுவில் பத்தில் ஏழு பேர் ஹார்மோன் மாத்திரை எடுத்திருந்தார்கள் என்பதையும் மறக்கக் கூடாது, அவர்கள் சும்மா இருக்கவில்லை. என்னைக் கேட்டால் இது நல்ல தொடக்கம், இதை வைத்து இன்றைக்கே ஆபரேஷனை விட்டுவிடலாம் என்று சொல்லும் அளவுக்கு இல்லை. ஐந்து, ஏழு, பத்து வருஷக் கணக்குகள் வரட்டும்.

நம் ஊரில் இதை எப்படி எடுத்துக்கொள்வது

"மார்பகப் புற்றுநோய்க்கு ஆபரேஷன் தேவையில்லை, அமெரிக்க ஆய்வு" என்று ஃபார்வர்டு வந்தால் எனக்குப் பதற்றமாகிவிடும். காமெட்டில் இருந்தவர்களுக்குக் கட்டியே கிடையாது. நம் நாட்டில் ஆரோக்கியமான பெண்களுக்கு வழக்கமாக மேமோகிராம் எடுக்கும் தேசியத் திட்டம் இல்லை, பெரும்பாலான பெண்கள் கட்டி தட்டுப்பட்ட பிறகுதான் ஆஸ்பத்திரிக்கு வருகிறார்கள். பலர் அதற்கும் பல மாதம் கழித்து, வலிக்கவில்லையே என்று தள்ளிப்போட்டுவிட்டு வருகிறார்கள். மார்பகக் கட்டி ஆரம்பத்தில் வலிக்காமல் இருப்பதுதான் வழக்கம். கட்டி தட்டுப்பட்டவருக்கு, காம்பிலிருந்து ரத்தம் கசிந்தவருக்கு, தோல் சுருங்கி உள்வாங்கினவருக்குக் காமெட் ஆய்வில் எந்தப் பதிலும் இல்லை. அவர்கள் இந்த வாரமே டாக்டரைப் பார்க்க வேண்டும்.

நம் நிலைமைக்கான கேள்விகளை நம்மவர்களும் கேட்டிருக்கிறார்கள். மும்பை டாடா மெமோரியல் ஆஸ்பத்திரியின் இந்திரநீல் மித்ரா குழு 1998இல் தொடங்கியது, மேமோகிராம் இல்லாத இடத்தில் பயிற்சி பெற்ற சுகாதாரப் பணியாளர் கையால் பரிசோதித்தால் பலன் உண்டா என்று. மும்பையின் குடிசைப் பகுதிகளில் 35 முதல் 64 வயதுள்ள 1,51,538 பெண்கள். பாதிப் பேருக்கு இரண்டு வருஷத்துக்கு ஒருமுறை, நான்கு சுற்று பரிசோதனை. 2021இல் வந்த இருபது வருஷக் கணக்கில், முற்றிய நிலையில் கண்டுபிடிக்கப்படுவது 47 சதவீதத்திலிருந்து 37 ஆகக் குறைந்திருந்தது. மார்பகப் புற்றுநோய் இறப்பு மொத்தமாக 15 சதவீதம் குறைந்தது, ஆனால் அது தற்செயலாகவும் நடந்திருக்கலாம் என்று சொல்லக்கூடிய எல்லைக்குள் இருந்தது. 50 வயதுக்கு மேற்பட்டவர்களை மட்டும் பார்த்தால் ஏறக்குறைய 30 சதவீதம். மெஷினே இல்லாமல், வீட்டுக்குப் பக்கத்தில், ஒரு பெண் பணியாளர் கையால் செய்தது இவ்வளவு! இதற்குக் கிடைத்த கவனம் போதாது என்பது என் எண்ணம்.

அதே டாடா மெமோரியலின் ராஜேந்திர பட்வே குழு இன்னொன்று செய்தது. பல் பிடுங்கும்போது மரத்துப்போகப் போடும் லிடோகைன் ஊசி இருக்கிறதே, அதை ஆபரேஷனுக்கு முந்தைய பத்து நிமிஷத்துக்குள் கட்டியைச் சுற்றிப் போட்டார்கள். கத்தி படும்போது புற்றுநோய்ச் செல்கள் கலைந்து ரத்தத்தில் ஏறாமல் இது தடுக்கலாம் என்பது அவர்களின் ஊகம். இந்தியாவில் 11 மையங்களில் சுமார் 1,600 பெண்கள். ஐந்து வருஷம் கழித்து உயிரோடு இருந்தவர்கள் ஊசி இல்லாத குழுவில் 86.4 சதவீதம், ஊசி போட்ட குழுவில் 90.1 சதவீதம். மிகவும் மலிவான மருந்து, எந்தக் கம்பெனிக்கும் இதில் லாபம் இல்லை, அதனால் இதைச் செய்து பார்க்க ஒரு பொது மருத்துவமனைதான் வர வேண்டியிருந்தது. ஒப்பீட்டுக் குழுவுக்கு வெறும் தண்ணீர் ஊசிகூடப் போடவில்லை என்பது ஒரு குறை. வேறு நாட்டில் யாராவது இதையே திரும்பச் செய்து இதே விடை வந்தால் இன்னும் தெம்பாக நம்பலாம்.

உங்களையோ வீட்டில் யாரையோ ஒரு ஆய்வில் சேரச் சொல்லி டாக்டர் கேட்டால், "எலியா நாங்கள்?" என்று கோபப்பட்டு எழுந்துவிடாதீர்கள், உடனே கையெழுத்தும் போட்டுவிடாதீர்கள். முதல் கட்ட ஆய்வு மருந்தின் அளவையும் பாதுகாப்பையும் பார்ப்பது, இரண்டாம் கட்டம் பலன் தெரிகிறதா என்று பார்ப்பது, மூன்றாம் கட்டம்தான் இன்றைய வைத்தியத்தோடு பெரிய அளவில் ஒப்பிடுவது, இதில் எது என்று கேளுங்கள். புற்றுநோய் ஆய்வில் ஒப்பீட்டுக் குழுவில் விழுந்தால் வைத்தியமே கிடைக்காது என்ற பயம் பலருக்கு இருக்கிறது. நல்ல வைத்தியம் ஏற்கெனவே இருக்கும் நோயில் ஒப்பீட்டுக் குழுவுக்குக் கிடைப்பது அந்த வைத்தியம்தான். இந்தியாவில் மருந்து ஆய்வுகளை சி.டி.ஆர்.ஐ. என்ற அரசுப் பதிவேட்டில் முன்கூட்டியே பதிய வேண்டும் என்பது 2009இலிருந்து கட்டாயம், இணையத்தில் யார் வேண்டுமானாலும் இலவசமாகத் தேடிப் பார்க்கலாம், பதிவு எண்ணைக் கேட்டு வாங்குங்கள். புது மருந்து ஆய்வில் பாதிப்பு வந்தால் இலவச வைத்தியமும் இழப்பீடும் 2019 விதிகளில் இருக்கிறது. எந்த நேரத்திலும் காரணம் சொல்லாமல் விலகலாம், விலகினால் வழக்கமான வைத்தியத்தை மறுக்கக் கூடாது. சம்மதப் படிவம் உங்களுக்குப் புரியும் மொழியில் இருக்க வேண்டும், தமிழில் இல்லையென்றால் தமிழில் கேளுங்கள். அதை வீட்டுக்கு எடுத்துப் போய், நிதானமாகப் படித்து, புரியாத வரிக்கெல்லாம் கோடு போட்டு, அடுத்த தடவை போகும்போது ஒவ்வொன்றாகக் கேட்டுவிட்டு அப்புறம் கையெழுத்துப் போடலாம்.